மழை பெய்தும் போர்வெல்லில் தண்ணீர் ஏறாதது ஏன்?

அவிநாசிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல மழை, ஊர்க்குட்டை நிரம்பி வழிந்தது, பக்கத்துத் தோட்டத்துப் பழைய கிணற்றில் பத்து அடிக்குமேல் தண்ணீர் ஏறியிருக்கிறது, ஆனால் தன் 850 அடி போர்வெல்லில் மட்டும் ஒன்றும் ஏறவில்லை, மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் அப்புறம் காற்றுதான் வருகிறது. "கடல் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, ஆறாகி மறுபடி கடலுக்கே போகிறது, தண்ணீர் குறைவதே இல்லை என்றுதானே பள்ளியில் படித்தோம்? அப்படியென்றால் பெய்த மழை எங்கே போனது?" என்பது அவர் கேள்வி.

அவர் நீர்ச் சுழற்சியைப் பற்றிப் பாடம் கேட்கவில்லை. சுற்றிவரும் அந்தத் தண்ணீரில் என் நிலத்துக்கு வரவேண்டியது எப்போது வரும், வருமா வராதா என்பதுதான் அவர் கேட்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளில் கிணறுகளின் நீர்மட்டம் அளந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் சொன்னது தப்பில்லை. தண்ணீர் அழிவதில்லை. ஆனால் பாடப் புத்தகத்துப் படத்தில் ஒரே வட்டம் போட்டு அம்புக்குறி காட்டிவிடுவதால், எல்லாத் தண்ணீரும் ஒரே வேகத்தில் சுற்றுவதுபோல் மனதில் பதிந்துவிடுகிறது. உலகம் முழுக்கக் காற்றில் இருக்கும் ஈரம் அத்தனையையும் ஒரே நேரத்தில் மழையாக இறக்கினால் தரையில் சுமார் 25 மில்லிமீட்டர்தான் நிற்கும். ஆனால் உலகின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர். அப்படியானால் காற்றிலுள்ள ஈரம் ஆண்டுக்கு நாற்பது முறை காலியாகி நாற்பது முறை நிரம்புகிறது. ஒரு நீர்த்துளி ஆவியாக மேலே தங்குவது ஒன்பது, பத்து நாள். ஆற்றில் என்றால் சில நாள், சில வாரம். கடலில் சேர்ந்துவிட்டால் திரும்பக் கிளம்பச் சராசரியாக 3,000 ஆண்டு. நிலத்தடி நீருக்கோ ஒரே கணக்கு கிடையாது. சில வாரத்தில் ஊற்றாக வெளியே வருவதும் உண்டு, பல்லாயிரம் ஆண்டு இருந்த இடத்திலேயே கிடப்பதும் உண்டு. உங்கள் பக்கத்துத் தோட்டக்காரரின் கிணறும் உங்கள் போர்வெல்லும் ஒரே மழையைப் பார்த்தாலும், இரண்டும் மாட்டிக்கொண்டிருப்பது வேறு வேறு வேகத்தில் சுற்றும் தண்ணீரோடு.

முதலில் உங்கள் நிலத்தில் பெய்த மழையின் கணக்கைப் பார்ப்போம். அவிநாசி, அன்னூர் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். இந்த 600இல் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலத்துக்குள் தங்குவதே இல்லை. மண்ணிலிருந்தும் பயிர், மரம், புல்லின் இலைகளிலிருந்தும் திரும்ப வானத்துக்கே போய்விடுகிறது. இதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முழுதாக நம்பவில்லை.

என்னை நம்ப வைத்தது ஆவியாதல் தொட்டி. நான்கு அடி அகலம், பத்து அங்குல உயரத்தில் ஒரு வட்டமான உலோகத் தொட்டி, கீழே மரச்சட்டம், பறவை குடிக்காமல் இருக்க மேலே கம்பி வலை. தினமும் காலையில் போய், நேற்றைய அளவுக்கு எத்தனை மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஒரே நாளில் 8 மில்லிமீட்டர் இறங்கியதைப் பலமுறை குறித்திருக்கிறேன். ஆடி மாதம் வெயில் கம்மி, அளவு குறையும் என்று நினைத்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று விடவில்லை, துணி காய வைப்பதுபோல் உறிஞ்சிக்கொண்டு போனது. ஆண்டு முழுக்கக் கூட்டினால் ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். பெய்வது 600, வானம் உறிஞ்சத் தயாராக இருப்பது அதைப்போல் இரண்டரை மடங்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஆகும் வெப்பத்தை வைத்து எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். அவ்வளவு வெப்பத்தையும் வெயில் இலவசமாகத் தருகிறது. ஐந்து மில்லிமீட்டர் தூறல் ஒன்று விழுந்தால் மேல்மண் இரண்டு அங்குலம் நனையும், மூன்றாம் நாள் புழுதி பறக்கும். அந்த மழை நிலத்தடி நீர்க் கணக்குக்கே வராது.

பெரிய மழையும் நேரே கீழே இறங்கிவிடாது. நடுவில் மண் என்று ஒரு பெரிய பாத்திரம் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழச் செம்மண் சுமார் 100 மில்லிமீட்டர் மழையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரிசலாக இருந்தால் அதைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும், மிஞ்சினால்தான் கீழே விடும். அதனால்தான் மாதம் முழுக்க விட்டுவிட்டுப் பெய்த 200 மில்லிமீட்டரில் ஒன்றும் இறங்காமல் போவதும், மண் ஏற்கெனவே நனைந்திருக்கும்போது நான்கு நாள் தொடர்ந்து பெய்த 150 மில்லிமீட்டரில் கிணறு ஏறுவதும் நடக்கிறது. மொத்த மழை எவ்வளவு என்பதைவிட எப்படிப் பெய்தது என்பதுதான் முக்கியம். ரொம்ப வேகமாகப் பெய்தால் ஓடையில் போய்விடும், ரொம்ப மெதுவாகப் பெய்தால் வானத்துக்குப் போய்விடும்.

இதையெல்லாம் கழித்தபின் எவ்வளவு இறங்கும்? கடினப் பாறைப் பகுதிகளுக்கு, பாறையின் தன்மையைப் பொறுத்து, பெய்த மழையில் 5 முதல் 11 சதவீதம் என்று நம் நாட்டு நிலத்தடி நீர் மதிப்பீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். விரிசலே இல்லாத பாறையாக இருந்தால் 1 சதவீதம்தான். கங்கைச் சமவெளி வண்டலில் இதுவே 22 சதவீதம். இவை அளவெடுத்து வந்த சராசரிகள்தான். உங்கள் தோட்டத்துக்கு அச்சாக இதுவே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கணக்கின் பருமன் இதுதான்.

ஒரு ஏக்கருக்குப் போட்டுப் பாருங்கள். 600 மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 24 லட்சம் லிட்டர். கேட்க எவ்வளவு பெரிதாக இருக்கிறது! அதில் பத்து சதவீதம், 2 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர், கீழே இறங்குகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 70 தென்னை, சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 60 லிட்டர் விட்டால் தினம் 4,200 லிட்டர். ஓர் ஆண்டு மழை நிலத்துக்குள் இறக்கியது 57 நாளில் தீர்ந்துவிடும். வாய்க்கால் பாசனமாக, வினாடிக்கு 2 லிட்டர் இறைக்கும் மோட்டாரைத் தினம் ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஏழு நாள்கூடத் தாங்காது. இறைத்ததில் ஒரு பங்கு திரும்பக் கசியும் என்பது உண்மைதான், அதைச் சேர்த்தாலும் ஆண்டு முழுக்க வராது. மீதியை எங்கிருந்து எடுத்தோம்? பக்கத்துத் தோட்டங்களின் பங்கிலிருந்தும், பழைய ஆண்டுகளில் சேர்ந்த இருப்பிலிருந்தும். அந்த இருப்புதான் இப்போது உங்கள் பகுதியில் கரைந்துவிட்டது.

சரி, அப்படியானால் பக்கத்துக் கிணறு எப்படி ஏறியது? பழைய கொங்குக் கிணறு ஒன்றின் ஓரத்தில் நின்று உள்ளே பார்த்திருப்பீர்கள். மேலே இரண்டு மூன்று அடி செம்மண், அதன்கீழ் வெள்ளை வெளேரென்று சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கட்டி, அப்புறம் கையால் உதிர்த்தால் உதிரும் சிதைந்த பாறை, நாற்பது ஐம்பது அடிக்குக் கீழே வெட்டு விழாத கெட்டிப் பாறை. சிதைந்த பாறையும் கெட்டிப் பாறையும் சேரும் இடத்தில்தான் சுவர் கசியும், பச்சையாகப் பாசி பிடித்திருக்கும், வெடிப்பில் ஆலஞ்செடி ஒன்று முளைத்திருக்கும். அந்தச் சிதைந்த பாறைதான் நம் ஊரின் உண்மையான நீர்த்தொட்டி. அதில் நூறு பங்கில் இரண்டு, மூன்று பங்குதான் நீர் எடுக்கக்கூடிய இடம். அதனால் ஒரு வேடிக்கையான கணக்கு வருகிறது. 60 மில்லிமீட்டர் மழை உள்ளே இறங்கினாலே, இடம் குறுகலாக இருப்பதால், நீர்மட்டம் மூன்று மீட்டர் ஏறிவிடும். அந்தப் பத்து அடியைப் பார்த்து ஊரே சந்தோஷப்படும். இறைத்தால் அதே வேகத்தில் இறங்கியும் போகும்.

காரமடைப் பக்கம் ஒரு பெரியவரின் கிணற்றை மாதாமாதம் அளந்துகொண்டிருந்தேன். நாடாவின் முனையில் சாக்பீஸ் தேய்த்து உள்ளே விடுவோம், நனைந்த இடத்தில் நிறம் மாறும், அதுதான் கணக்கு. ஒரு தீபாவளி மழைக்கு மறுநாளே ஆர்வமாகப் போய் அளந்தேன், ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. பெரியவர் சொன்னார்: "ஏனுங், இன்னிக்கு வந்தா எப்படிங்க? மழ பேஞ்சு ஒரு மாசங் கழிச்சுத்தானுங்க ஊத்து எறங்கும்." அப்படியேதான் நடந்தது, மார்கழித் தொடக்கத்தில் ஏற ஆரம்பித்து தை வரை ஏறியது. மேலிருந்து கெட்டிப் பாறை வரை நீர் கசிந்து போகும் நேரம் அது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் கயிறும் வாளியும் வைத்துத் தெரிந்து வைத்திருந்தார்.

இப்போது உங்கள் போர்வெல்லுக்கு வருகிறேன். போர் போடும்போது மேலே மண்ணும் சிதைந்த பாறையும் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்கியிருப்பார்கள். எந்த அடுக்கு மழைக்கு உடனே ஏறுமோ, அந்த அடுக்கைத்தான் அந்தப் பைப் அடைத்து நிற்கிறது. அதற்குக் கீழே கெட்டிப் பாறை. அதில் தண்ணீர் இருப்பது விரிசல்களில் மட்டும். ஐந்நூறு அடியில் ஒன்று, எழுநூறு அடியில் ஒன்று என்று கத்தி நுழையும் அளவு இடுக்குகள். ஆழம் போகப்போக மேலே உள்ள பாறையின் பாரத்தால் அவை இறுகிக்கொண்டே போகும், எண்ணிக்கையும் குறையும். ஆழமாகப் போனால் தண்ணீர் அதிகம் என்ற நம்பிக்கை நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்களைக் கடனாளியாக்கிவிட்டது. கடினப் பாறையில் அது பெரும்பாலும் தலைகீழ். வண்டலும் மணற்கல்லும் உள்ள கடலூர்ப் பக்கத்தோடு நம் ஊரை ஒப்பிடவே கூடாது. நெய்வேலியில் நிலக்கரி அடுக்குக்குக் கீழே மணற்கல்லில் அழுத்தத்தோடு நீர் இருக்கிறது, சுரங்கத்துக்குள் அது பீறிட்டு வராமல் இருக்கவே இடைவிடாமல் இறைக்கிறார்கள். அந்த நீரில் ஒரு பகுதியைக் கார்பன்-14 முறையில் கணித்ததில் வயது பல ஆயிரம் ஆண்டுகள் என்று வந்தது. மணற்கல் வழியே அடி அடியாக நகர்ந்து வரும் நீர் அது.

நீங்கள் சொன்ன இருபது நிமிடத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறரை அங்குலப் போர்க்குழியில் நூறு அடிக்குச் சுமார் 650 லிட்டர் நிற்கும். உங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்தால், இருபது நிமிடத்தில் 1,200 லிட்டர். குழியிலேயே 185 அடிக்கு நின்ற தண்ணீர்தான் அது. இரவெல்லாம் விரிசல் சொட்டுச் சொட்டாக நிரப்பியதை நீங்கள் காலையில் காலி செய்கிறீர்கள், அவ்வளவுதான். உண்மையான ஊற்று, குழி திரும்ப நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில் இருக்கிறது. 1,200 லிட்டர் சேர ஆறு மணி நேரம் என்றால் உங்கள் போரின் ஊற்று மணிக்கு 200 லிட்டர். எத்தனை குதிரைத்திறன் மோட்டார் மாட்டினாலும் அது அதிகமாகாது.

இனிக் கொஞ்சம் சந்தேகமான பகுதி. உங்கள் 700 அடி விரிசலுக்கு நீர் எந்த வழியாகப் போகிறது என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. விரிசல் நெட்டுக்குத்தாக மேல் அடுக்கோடு சேர்ந்திருந்தால் இரண்டு மூன்று மாதத்தில், தை மாசியில், ஊற்று லேசாகக் கூடலாம். படுக்கையாக நெடுந்தூரம் ஓடினால், அதே விரிசலைத் தொட்ட மற்ற போர்கள் அனைத்தும் நிரம்பிய பிறகுதான் உங்களுக்குத் தெரியும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் மாதம் ஒருமுறை போர் நீரில் வைத்துப் பாருங்கள். பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரில் உப்பு அதிகம், புது மழை நீரில் மிகக் குறைவு. மழைக்காலம் முடிந்து டிடிஎஸ் கணிசமாக இறங்கினால் புதுத் தண்ணீர் சேர்கிறது என்று ஓரளவு சொல்லலாம். அசையாமல் நின்றால் நீங்கள் பழைய இருப்பைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சாட்சியாகப் போதும், தீர்ப்பாக எடுக்க வேண்டாம். ஏனென்றால் கசிந்து வரும்போது மண்ணிலுள்ள உப்பையும் மழைநீர் கரைத்துக்கொண்டு வரலாம். அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடை டிடிஎஸ் மீட்டர் தனியாகக் காட்டாது. அந்த நீரை வீட்டில் குடிப்பதாக இருந்தால் அதைத் தனியாகச் சோதித்துவிடுங்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் தள்ளிப்போடாதீர்கள்.

மரம் வைத்தால் மழை வருமா, நிலத்தடி நீர் ஏறுமா என்பதும் கூடவே கேட்கப்படுகிற கேள்வி. காட்டிலிருந்து கிளம்பும் ஈரம் மழைக்குப் பங்களிக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வெளிவிடும் ஈரம் தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவ மழையில் கணிசமான பங்கு வகிக்கிறது, மழை குறைந்த ஆண்டுகளில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது என்று மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள். அது கணினி மாதிரி வழியாக வந்த முடிவு, அதுவும் ஒரு மலைத்தொடரின் காட்டைப் பற்றியது. அதை வைத்து நம் தோட்டத்தில் நூறு மரம் வைத்தால் நம் தோட்டத்தில் மழை பெய்யும் என்று சொல்ல முடியாது. நம் ஊரில் ஆவியானது காற்றோடு போய் வேறெங்கோ பெய்யும். மரத்தின் வேர் மண்ணைத் திறந்து நீரை உள்ளே விடுகிறது, அதே மரம் நீரைக் குடிக்கவும் செய்கிறது. நீலகிரியில் புல்வெளியை மாற்றித் தைலமரம் நட்ட இடங்களில் ஓடை நீர் குறைந்தது அளந்து காட்டப்பட்ட விஷயம். எந்த மரம், எந்த மண், எவ்வளவு மழை என்று பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

குட்டை நிரம்பியதே, அது போதாதா என்றால், குட்டையின் அடியைப் பாருங்கள். ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த களிமண் வண்டல், தட்டுக்கு மெழுகு பூசியதுபோல் நீரைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். நிற்கும் நீரில் பெரும்பகுதி வெயிலுக்குத்தான் போகும். கோடையில் அந்த வண்டலை எடுத்துத் தோட்டத்துக்கு அடித்தால் தோட்டத்துக்கும் நல்லது, குட்டைக்கும் நல்லது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதல் பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுகிறார்கள். கடலுக்குப் போகிற பாதையிலிருந்து நீரைத் திருப்பி, கசிகிற பாதையில் விடும் முயற்சி அது, எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது. உங்கள் குட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் வண்டல் எடுப்பது இரட்டிப்பு அவசியம். ஆனால் அந்த நீரும் முதலில் சேர்வது சிதைந்த பாறை அடுக்கில்தான், உங்கள் கேசிங் பைப்புக்கு வெளியே.

அதனால் என் யோசனை இது. புதிதாக 1,200 அடிக்குப் போர் போடாதீர்கள். தோட்டத்தில் மூடாத பழைய கிணறு இருந்தால் அதைத் தூர்வாரி, மழைக்காலத்தில் வயலில் ஓடும் நீரை மணல், ஜல்லி வடிகட்டித் தொட்டி வழியாக அதில் விடுங்கள். மழை ஏற்றும் அடுக்கு அதுதான். போர்வெல்லுக்குள்ளேயே மழைநீரை விடச் சொல்லிச் சிலர் வருவார்கள். வயல் நீரை வடிகட்டாமல் நேராக விட்டால் உரமும் பூச்சிமருந்தும் சாணமும் ஆழ்விரிசலுக்கே போய்விடும், சேறு இடுக்கை அடைத்துவிடும். அப்படிப் பாழான போர்களை நான் பார்த்திருக்கிறேன், பிறகு அவற்றைச் சுத்தம் செய்ய வழியே இல்லை. கூரையில் விழும் நீராக, நன்றாக வடிகட்டியதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

உங்கள் போரைப் பார்க்காமல் இதற்குமேல் சொல்வது சரியில்லை. கேசிங் எத்தனை அடி, போர் போட்டபோது எந்தெந்த அடியில் ஈரம் வந்தது, இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தியபின் மறுபடி அதே அளவு வர எத்தனை மணி நேரம் ஆகிறது, இந்த மூன்றையும் குறித்து அனுப்புங்கள். போர் வண்டிக்காரர் கொடுத்த சீட்டு பீரோவில் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள். தை கடைசியில் ஒருமுறை, மாசி கடைசியில் ஒருமுறை டிடிஎஸ் அளவையும் சேர்த்து அனுப்பினால், உங்கள் விரிசல் மேல் அடுக்கோடு சேர்ந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.